நீலியின் கண்ணீர்

"நீலிக் கண்ணீர் வடிக்காதே!"

வீட்டில் சொல்கிறார்கள், வீதியில் சொல்கிறார்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்கிறார்கள். எதிரியின் கபடத்தைச் சாட வேண்டுமானால், மேடையேறும் நம் தோழர்களும் அந்தச் சொல்லைத்தான் எடுத்து வீசுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால், யார் அந்த நீலி? எதற்காக அழுதாள்? அந்தக் கண்ணீரில் பொய் எவ்வளவு, மெய் எவ்வளவு? கேட்டோமா நாம்?

தொண்டை நாட்டுப் பழையனூரில் நடந்ததாக வழங்கும் கதை அது. கணவன் ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். கொலையுண்டவள் பேயானாள். காலம் கடந்து, கையில் குழந்தையோடு, பழையனூர் வேளாளர் அவையின் முன் வந்து நின்றாள். "இவர் என் கணவர், என்னை ஏற்க மறுக்கிறார்" என்று அழுதாள். அவனோ, "இவள் என்னைக் கொல்ல வந்தவள்" என்று அலறினான். எழுபது வேளாளரும், "உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்று வாக்களித்து, அவனை அவளோடு விட்டனர். விடிந்தது. அவன் பிணமாகக் கிடந்தான். கொடுத்த வாக்கைக் காக்க எழுபதின்மரும் தீயில் இறங்கினர். இதுதான் கதை.

பேயை நாம் நம்பவில்லை. நம்பச் சொல்லவும் இல்லை. ஆனால், கதை கட்டியவர்களின் நெஞ்சைக் கவனியுங்கள். முதலில் கொன்றவன் யார்? கணவன். அந்தக் கொலைக்கு நம் மொழியில் ஒரு பழமொழி உண்டா? இல்லை. பிறகு அழுதவள் யார்? மனைவி. அந்த அழுகைக்கு மட்டும் அழியாப் பெயர் கிடைத்துவிட்டது. கொலை மறந்துபோயிற்று, கண்ணீர் குற்றமாயிற்று! மொழியே கூண்டில் ஏறிக் கொலைகாரன் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது!

மேச்சேரியிலிருந்து எழுதுகிறோம். இவ்வூரின் பெயரைச் சொன்னாலே, சேலம் மாவட்டத்தார்க்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று மேச்சேரி ஆடு, மற்றொன்று பத்திரகாளி. திருவிழா வந்துவிட்டால் சுற்றுப்பட்டி முழுதும் இங்கே திரளும். சினந்த விழியும் ஏந்திய படைக்கலமுமாக நிற்கும் அந்தச் சிலைக்கு முன், மீசை முறுக்கிய ஆடவரெல்லாம் கைகட்டி நிற்பர். அதே ஆடவர் வீடு திரும்புவார். "கூலிப் பணம் எங்கே?" என்று மனைவி கேட்பாள். உடனே என்ன பதில்? "பத்திரகாளி மாதிரி ஆடாதே!" கோவிலில் அந்தப் பெயர் போற்றி, அடுப்பங்கரையில் அதே பெயர் வசை! கல்லாய் நின்றால் கும்பிடு. உயிரோடு நின்றால் உதை!

இந்த இரட்டை நெஞ்சம்தான் பிறகு வெள்ளித்திரைக்கும் குடிபோயிற்று.

சில நாட்களுக்கு முன், நம் படிப்பகத்தில் இளைஞர்கள் கூடி 'புதிய பறவை' படத்தைப் போட்டுப் பார்த்தோம். 1964-இல் சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் சௌகார் ஜானகியும் நடித்து வெளிவந்த படம். இறுதிக் காட்சியில் கோபால் கதறுகிறான். தோழர் பலர் கண்ணைத் துடைத்துக் கொண்டனர். நாமும் துடைத்தோம். அப்போது கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "செத்தவள் சித்ரா. நீங்கள் அழுவது கோபாலுக்காகவா, அண்ணா?"

அவையில் அமைதி. நமக்கும் நா எழவில்லை. அந்த வினாவுக்கு நாம் தேடிய விடைதான் இது.

சித்ரா செய்த குற்றம் என்ன? குடித்தாள், கேளிக்கை விருந்துகளுக்குப் போனாள், நேரங்கழித்து வீடு திரும்பினாள், கணவன் சொல் கேட்கவில்லை. சரி, குறைகள்தாம். கோபால் செய்தது என்ன? அறைந்தான், அந்த அறையில் அவள் உயிர் போயிற்று. போன உயிருக்கு அவன் காட்டிய மரியாதை என்ன? உடலைத் தூக்கித் தண்டவாளத்தில் கிடத்தி, தற்கொலையென்று உலகை நம்ப வைத்தான். இவ்வளவையும் செய்தவனுக்காக நாம் அழுகிறோம். செத்தவளுக்கு ஒரு சொட்டும் இல்லை! எப்படி நிகழ்ந்தது இந்த விந்தை?

நடிப்பின் திறம் என்பீர்கள். உண்மை, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறோம், கேளுங்கள். சித்ராவைப் பற்றி நமக்கு யார் சொன்னது? கோபால் சொன்னான். அவள் சிரித்ததும் குடித்ததும் சீறியதும் அவன் நினைவாகத்தான் திரையில் விரிகிறது. கொன்றவன் வாய்மொழியே கொலையுண்டவளின் வரலாறு! எந்த நீதிமன்றமாவது, எதிரியின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துச் செத்தவளுக்குத் தண்டனை எழுதுமா? கொட்டகையில் உட்கார்ந்து நாம் எழுதிவிட்டோம். சித்ரா உயிரோடு இருந்து, "நான் ஏன் குடித்தேன், தெரியுமா?" என்று ஒரு காட்சியில், ஒரே ஒரு காட்சியில் பேசியிருந்தால்? நம் கண்ணீர் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் அவளுக்குப் பேச்சு இல்லை.

இது தமிழ்நாட்டின் தனிச்சரக்கு அன்று. அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதையடுத்த ஆண்டுகளிலும், இருளும் நிழலும் மண்டிய குற்றப் படங்கள் வரிசையாக வந்தன. நினோ பிராங்க் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1946-இல் அவற்றிற்குச் சூட்டிய பெயர் 'பிலிம் நுவார்' என்பது. 'கறுப்புப் படம்' என்று பொருள். அவற்றில் புகழ்பெற்றது 1944-இல் பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இன்டெம்னிட்டி'. காப்பீட்டுத் தொகைக்காகக் கணவனைக் கொல்லத் துணியும் மனைவி பிலிஸ். துணை நிற்கும் காப்பீட்டு முகவன். அவன்தான், குண்டடி பட்ட உடலோடு, பேச்சைப் பதியும் கருவியின் முன் அமர்ந்து கதையைச் சொல்லுகிறான். அவள் முதன்முதல் படியிறங்கி வரும்போது, படக்கருவி அவள் காலில் மின்னும் சங்கிலியைத்தான் தேடிப் பிடிக்கிறது. பார்ப்பது அவன் கண். சொல்வது அவன் குரல். கொலைத் திட்டத்தைத் தீட்டுவதிலும் அவனுக்குப் பெரும்பங்கு. ஆனால், 'ஆபத்தானவள்' என்ற பட்டம் அவளுக்கு!

கதையை எழுதிய ஜேம்ஸ் கெயின் ஆண், திரைக்கதையில் கைகொடுத்த ரேமண்ட் சாண்ட்லர் ஆண், இயக்கியவர் ஆண். குற்றம் தண்டிக்கப்படாமல் படம் முடியக்கூடாது என்று கட்டளையிட்ட தணிக்கை விதிகளும் அங்கே 1934 முதல் முனைப்பாக நடைமுறையில் இருந்தன. ஆகவே, அப்படங்களில் துணிந்தவள் சாவாள், அல்லது சிறை புகுவாள். 1941-இல் வந்த 'மால்டீஸ் பால்கன்' படத்தில், காதலித்தவனே காவலரிடம் ஒப்படைக்கிறான். 1947-இல் வந்த 'அவுட் ஆப் தி பாஸ்ட்' படத்திலும் அவள் முடிவு சாவுதான். ஆண்கள் போர்முனைக்குப் போனபோது தொழிற்சாலைக்குள் நுழைந்து, தன் கையால் சம்பாதிக்கத் தொடங்கிய பெண்ணைக் கண்டு எழுந்த அச்சமே இந்த உருவங்களைப் படைத்தது என்று பின்னாளில் ஆய்வாளர் பலர் எழுதினர். அச்சப்பட்டவன் தன் அச்சத்தைப் படம் வரைந்து, அதற்குப் பெண்ணின் முகத்தை மாட்டினான்.

புராணத்தில் மோகினி என்றொருத்தி உண்டு. அசுரரை மயக்கினாள், அமுதத்தைப் பறித்தாள் என்று கதை. மயக்குகிறவள் பெண் என்பதற்கு அவளே சான்று என்பர் பழமைவாதிகள். தோழர்களே, அந்த மோகினி யார்? வேடம் கட்டி வந்த திருமால்! பெண்ணே இல்லாத இடத்தில், ஓர் ஆண் சேலை கட்டி ஆடிய சூழ்ச்சிக்குப் பெண்ணினத்தின் மேல் பழி! திரையுலக மோகினிகளின் சேலையையும் சற்றே விலக்கிப் பாருங்கள். உள்ளே பேனா பிடித்த ஓர் ஆடவர் இருப்பார்.

இனி, நமக்குள்ள சிக்கலுக்கு வருவோம். "அப்படியானால், பெண்ணில் தீயவளே இல்லையா? திரையில் வரும் மாதரெல்லாம் குத்துவிளக்காகவே இருக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒதுக்கிவிட்டு ஓட மாட்டோம்.

பெண்ணிலும் தீயவர் உண்டு. இல்லையென்று சொல்பவன் பெண்ணை மனித இனத்திலிருந்தே தள்ளிவைக்கிறான். தெய்வமாக்கித் தள்ளுவதும் பேயாக்கித் தள்ளுவதும் ஒரே தள்ளுதான். நாம் கேட்பது, அவளுடைய தீமைக்குக் காரணம் காட்டுங்கள் என்பதுதான்.

காரணம்! பகுத்தறிவாளனின் ஒரே படைக்கலம் அதுதானே? வைசூரி வந்தபோது, "மாரியாத்தா சினந்தாள்" என்றார்கள். முகமெல்லாம் தழும்பும், பறிபோன கண்களும், பாடையேறிய குழந்தைகளும் ஒரு பெண்ணின் கோபத்தின் கணக்கில் எழுதப்பட்டன. அம்மைப்பால் குத்தும் முறையை 1796-இல் ஜென்னர் செய்து காட்டினார். இந்தியாவில் 1975-க்குப் பிறகு வைசூரி இல்லை. உலகிலேயே ஒழிந்ததென்று 1980-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. காரணம் கிருமி என்று தெரிந்ததும், சினந்த பெண் கதையிலிருந்து விடுதலையானாள். காரணம் தெரியாத இடத்திலெல்லாம் ஒரு பெண்ணை நிறுத்திவைப்பது நம் பழக்கம். நோய்க்கு அம்மன், குடும்பம் கெட்டால் மருமகள், ஆண் கெட்டால் 'அவள்'!

இந்தப் பழக்கத்திலிருந்து நம் முகாம் மட்டும் தப்பியதா? நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்: தப்பவில்லை. 1954-இல் வந்த 'இரத்தக் கண்ணீர்' நம் பாசறையில் பிறந்த படம். திருவாரூர் தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா நடித்து, மூடநம்பிக்கையின் முதுகுத் தோலை உரித்த படம். இறுதியில், தன் மனைவிக்குத் தன் நண்பனையே மணமுடித்து வைக்கிறான் மோகனசுந்தரம். அந்தத் துணிவுக்குத் தலை வணங்குகிறோம். ஆனால், காந்தா? எம். என். ராஜம் நடித்த அந்தப் பெண் ஏன் அப்படியானாள்? அவளைப் பொதுமகளாக்கிய வழக்கம் எது? எந்தப் பண்ணையார் அதற்குப் பணம் கட்டினார்? படத்தில் விடை தேடினோம், நிறைவு இல்லை. அவன் உடலில் ஏறிய தொழுநோயோ ஒழுக்கக் கேட்டின் கூலியாகவே காட்டப்பட்டது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டுவிட்டார். பகுத்தறிவுப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவனோ, "காந்தா கொடுத்த நோய்" என்று பேசிக்கொண்டு போனான். வைசூரிக்கு மாரி, தொழுநோய்க்குக் காந்தா! பெயர்தான் மாறிற்று.

அதே 1954-இல் 'மனோகரா'. கலைஞர் கருணாநிதியின் தீப்பொறி உரையாடல். அரசனை மயக்கி ஆட்சியைக் கைப்பற்ற முயலும் வசந்தசேனையாக டி. ஆர். ராஜகுமாரி. மயங்கிய மன்னனோ பேதை, மயக்கியவளோ நஞ்சு. நாட்டை அடகு வைத்தவனுக்கு மன்னிப்பு. அடகு பிடித்தவளுக்கே அத்தனை ஏச்சும்!

இவற்றோடு ஒரு பெண் எழுதியதை ஒப்பிடுவோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தாசி முறையின் கொடுமையை நேரில் பட்டறிந்தவர்; அதை ஒழிக்கப் போராடியவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதினார். தலைப்பிலேயே மோசம் இருக்கிறது. உள்ளே ஏமாற்றும் தாசிகளும் இருக்கிறார்கள். தீமையை அவர் மறைக்கவில்லை. ஆனால், அந்த வலையைப் பின்னிய சமூகமும் இருக்கிறது. வலையை அறுத்துக் கொண்டு வெளியேறி, சங்கம் கூட்டும் தாசிகளும் இருக்கிறார்கள். காந்தாவுக்குக் கிடைக்காத காரணமும் கதவும் அங்கே கிடைத்தன. தாசி முறையைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்தது. 'காந்தா பிறவிக் கெட்டவள்' என்று நம்பியிருந்தால் சட்டம் எதற்கு? அவளைக் கெடுத்தது ஓர் ஏற்பாடு என்று கண்டதால்தானே, அந்த ஏற்பாட்டை ஒழிக்கச் சட்டம் தேவைப்பட்டது?

ஆணுக்கு மட்டும் காரணம் தாராளமாகக் கிடைக்கிறது, பாருங்கள். 1978-இல் பாரதிராஜா இயக்கிய 'சிகப்பு ரோஜாக்கள்'. பெண்களைக் கொன்று புதைக்கும் ஒருவன் கதை. கொலைகாரன் ஆண்தான். ஆனால், அவன் ஏன் அப்படியானான் என்று படம் நின்று நிதானித்து விளக்குகிறது. இளமையில் பெண்களால் அவன் பட்ட துன்பமாம்! கொன்றவன் ஆணாயிருந்தாலும் காரணம் பெண். கொன்றவள் பெண்ணாயிருந்தால் காரணமே வேண்டாம். இந்தத் தராசின் முள் என்றைக்காவது நேரே நின்றதுண்டா?

ஆனால், நின்ற நாளும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதுவும் 1954-தான். ஏ.வி.எம். எடுத்து, எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம். 1943-இல் சென்னையில் சப்பானியர் குண்டு வீசிய நேரத்தில், வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காமக்கிழத்தி என்று ஒவ்வொருவர் மேலும் ஐயம் பாய்கிறது. கடைசியில் தெரிகிறது: குண்டு பாய்ந்தது மனைவி உஷாவின் கையிலிருந்து. அவனோ நாட்டை எதிரிக்குக் காட்டிக் கொடுத்தவன். பண்டரிபாய் நடித்த அந்த உஷா பேசுகிறாள், காரணம் சொல்கிறாள், நாம் கேட்கிறோம். கணவன்மேல் துப்பாக்கி நீட்டியவளைப் பார்த்தும், 'வஞ்சகி' என்ற சொல் நம் வாயில் வரவில்லை. ஏன்? அவள் கதையை அவளே சொன்னாள். அவ்வளவுதான் வேறுபாடு!

இன்னொன்று நம் சேலத்திலேயே நடந்தது. டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த 'மந்திரி குமாரி'. உரையாடல் கலைஞர். கதையின் வேர் ஐம்பெருங்காப்பியத்துள் ஒன்றான குண்டலகேசி. காப்பியம் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை, கதை கிட்டியது. கொலைக்களம் போகவிருந்த கள்வனைக் காதலித்து மணந்தவள் பத்திரை. அவளையே கொல்ல, மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான் அவன். "சாகுமுன் உம்மை மும்முறை வலம் வர வேண்டும்" என்கிறாள். வலம் வருகிறாள், பின்னே நின்று தள்ளிவிடுகிறாள். பிறகு பௌத்தத் துறவியாகி, நாடெங்கும் வாதிட்டு வென்றாள் என்பது கதை. படத்தில் அவள் அமுதவல்லி. மலையுச்சிக்கு அழைத்துப் போகும் அந்தப் பாட்டை இன்றைக்கும் காதல் பாட்டென்று முணுமுணுக்கிறோம். அதைப் பாடுகிறவன் கொலைகாரன் என்பது நினைவிருக்கிறதா? ஆபத்தான ஆண் இனிமையாகப் பாடினான், நாம் மயங்கினோம். மயக்குகிறவள் பெண் என்று சொன்னது யார்?

இப்போது நான்கு பெண்களை வரிசையாக நிறுத்துவோம். கண்ணகி மதுரையை எரித்தாள், கணவனுக்காக. உஷா சுட்டாள்; நாட்டுக்காக. பத்திரை தள்ளினாள், தன் உயிருக்காக. நீலி பழி தீர்த்தாள்; தன்னைக் கொன்றதற்காக. நால்வரும் ஆபத்தானவர்களே. ஆனால், நாம் கொடுத்த மதிப்பைப் பாருங்கள். கண்ணகிக்குச் சென்னைக் கடற்கரையில் 1968-இல் சிலை வைத்தோம். உஷாவை மெச்சினோம். பத்திரையை ஏறத்தாழ மறந்தோம். நீலியைப் பழமொழியாக்கி இகழ்ந்தோம். பெண்ணின் தீ கணவனுக்காக எரிந்தால் கற்பு. அவளுக்காகவே எரிந்தால் ஆபத்து! 'ஆபத்தானவள்' என்ற சொல்லின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? ஊருக்கு ஆபத்தானவளை அச்சொல் குறிக்கவில்லை. ஊரையே எரித்தவளுக்குத்தான் சிலை இருக்கிறதே! ஆணின் உரிமைக்கு ஆபத்தானவளைத்தான் அது குறிக்கிறது.

"கதைதானே, போகட்டும்" என்று விடலாமா? 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அந்த வீடுகளுக்குள் அடி விழும்போது, அண்டை வீட்டார் கேட்கும் முதல் கேள்வி என்ன? "அவள் என்ன செய்தாள்?" என்பதே. இந்தக் கேள்வியை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது எந்தப் பள்ளிக்கூடம்? பழமொழி ஒரு வகுப்பு. புராணம் ஒரு வகுப்பு. கொட்டகை ஒரு வகுப்பு. மூன்றிலும் தேறியவன்தான், அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவளிடம் விளக்கம் கேட்கிறான். சித்ராவை அறைந்த கைக்காக நாம் வடித்த கண்ணீர் அந்தத் தேர்வில் நாம் எழுதிய விடைத்தாள்.

படங்களைக் கொளுத்தச் சொல்லவில்லை. தடை கேட்கவும் இல்லை. பாருங்கள். சுவையுங்கள். நடிப்பைப் போற்றுங்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கொட்டகைக்குள் கொண்டுபோங்கள். கதையைச் சொல்வது யாருடைய குரல்? அவளுக்குக் காரணம் கொடுக்கப்பட்டதா? அவளும் அவனும் ஒரே குற்றத்தைச் செய்தால், ஒரே தண்டனைதானா?

நான்காவதாக ஒன்றையும் கேட்கலாம்: படக்கருவிக்குப் பின்னே பெண் நின்றால் என்ன தெரியும்? அமெரிக்காவில் ஐடா லுபினோ என்ற நடிகை இயக்குநராகி, 1953-இல் 'தி ஹிட்ச்-ஹைக்கர்' என்ற கறுப்புப் படத்தை எடுத்தார். அதில் ஆபத்து, வழிப்போக்கனாக வண்டியேறிய ஓர் ஆண். அஞ்சி நடுங்கும் இருவரும் ஆண்கள். நம் தமிழிலும் டி. பி. ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கினார். அடுத்த பல பத்தாண்டுகளில் அவர் வழி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கை ஏன் பெருகவில்லை என்பதற்கும் காரணம் தேடுங்கள். அங்கும் எவளோ ஒருத்தியின் சாபம் இருக்காது.

படிப்பகத்தில் கேள்வி கேட்ட தங்கைக்கு இப்போது விடை சொல்கிறோம். ஆம் அம்மா, நாங்கள் அழுதது கோபாலுக்காகத்தான். அழச் சொன்னார்கள், அழுதோம். யார் சொன்னதென்று கேட்கவில்லை. கேட்காமல் அழுவது மடமை என்று கோவில் வாசலில் நின்று ஊருக்குச் சொன்ன நாங்கள், கொட்டகை வாசலில் அதை மறந்தோம். நினைவூட்டியவள் நீ.

அடுத்தமுறை மேடையேறும்போது, நீலிக் கண்ணீர் என்று சொல்ல நம் நா எழாது. எழுந்தால், கூட்டத்திலிருந்து யாரேனும் ஒருத்தி எழுந்து கேட்கட்டும்: "நீலியைக் கொன்றது யார்?"